கேமராவுக்கு நேரம் எங்கே இருக்கு?

திக்லிபூருக்கு மாற்றல் என்றதும் நண்பர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "கொடுத்து வெச்சவன்யா நீ, கேமராவும் கையுமா சுத்தலாம்." வங்கி வேலையை வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும் :-) பகல் முழுக்க கவுண்டர், கடன் மனு, சாயங்காலம் கணக்கு முடிப்பு. இதில் போட்டோ எப்போது எடுப்பது?

"லீவு நாளில் பார்த்துக்கலாம்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் வழி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2015 செப்டம்பரில் இருந்து வங்கிகளுக்கு 2ஆம், 4ஆம் சனிக்கிழமை விடுமுறை, வாஸ்தவம்தான். ஆனால் கடலுக்கு அது தெரியாதே! இங்கே ராஸ், ஸ்மித் என்று இரண்டு தீவுகள், நடுவில் மணல்திட்டு. தண்ணீர் வற்றினால் நடந்தே போகலாம், ஏறினால் திட்டு மூழ்கிவிடும். வற்றும் நேரமும் தினம் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது. நம் சனிக்கிழமையும் நல்ல வெளிச்சமும் வற்றுகிற கடலும் ஒன்றாகச் சேர்வது எப்போதாவதுதான். அன்றைக்குப் பார்த்து மழை பெய்யும்.

அப்போ என்ன வழி? காலை நேரம்தான். நாடு முழுக்க ஒரே கடிகாரம் என்பதால் கிழக்கே இருக்கும் இந்தத் தீவில் சூரியன் சென்னையைவிட சுமார் 50 நிமிடம் முந்திக்கொள்கிறது. ஜூனில் 5 மணிக்கு முன்பே உதயம். டிசம்பரிலோ மாலை 5 மணிக்கெல்லாம் அஸ்தமனம், வேலை முடிந்து வெளியே வந்தால் இருட்டு. ஆக, வங்கி திறக்கும் முன் கிடக்கிற காலையில் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆர்.டி. கட்டுவது மாதிரிதான் இதுவும். மிச்சம் இருந்தால் போடுகிறேன் என்பவர் கணக்கு முதிர்ந்து நான் பார்த்ததில்லை. பெரிய காட்சியும் வேண்டாம். 732 மீட்டர் சேடில் பீக்கை ஒரே இடத்தில் நின்று வாரம் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், மேகம் ஒரு நாள் இருந்த மாதிரி மறுநாள் இருக்காது. அமெரிக்காவில் விவியன் மேயர் என்ற பெண்மணி குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்துகொண்டே லட்சத்துக்கு மேல் படம் எடுத்தார். 2009ல் அவர் இறந்த பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. முழு நேர வேலை அவரைத் தடுக்கவில்லை.

ஒன்றில் மட்டும் நான் கறார். பகல் வங்கிக்கு, ராத்திரி ஊரில் இருக்கும் குடும்பத்தோடு போனில் பேச. இந்த இரண்டிலும் கேமரா கை வைக்கக் கூடாது. எடுத்த படங்களைத் திருத்துவதற்கும் இதே சட்டம்தான்.

ரிட்டயர் ஆனதும் நிதானமாக எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வங்கிக்காரனுக்கு எந்த ஊரும் சில வருஷம்தான். ரிட்டயர் ஆகும்போது கேமரா இருக்கும், நேரமும் இருக்கும். திக்லிபூர் இருக்காது.