களத்தை விட்டு விலகுவது கோழைத்தனமா?

2025ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் திகதி மெல்பேர்ன் நகரின் ரொட் லேவர் அரங்கில் நடந்த சம்பவத்தை டென்னிஸ் இரசிகர்கள் எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். அவுஸ்திரேலியப் பகிரங்க டென்னிஸ் சுற்றுப்போட்டியின் ஆடவர் அரையிறுதி ஆட்டம் அது. ஒருபுறம் ஜேர்மனியின் அலெக்சாண்டர் ஸ்வெரெவ். மறுபுறம் அதே சுற்றுப்போட்டியில் 10 தடவைகள் சம்பியனான சேர்பிய வீரர் நொவாக் ஜொகோவிச். ஏறத்தாழ 80 நிமிடங்கள் நீடித்த முதற் செட்டை டை பிரேக்கில் இழந்த ஜொகோவிச், நேராக வலையை நோக்கி நடந்து சென்று ஸ்வெரெவின் கையைக் குலுக்கினார். தொடர்ந்து ஆடும் நிலையில் அவர் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் அரங்கை விட்டு வெளியேறியபோது இரசிகர்களில் ஒரு பகுதியினர் 'கூ'க் குரல் எழுப்பினர்.

அந்தக் கூச்சலைக் கண்டித்துப் பேசியவர் வேறு யாருமல்லர். அந்த விலகலால் இறுதியாட்டத்துக்குத் தகுதிபெற்ற ஸ்வெரெவேதான். உபாதை காரணமாக ஒரு வீரர் வெளியேறும்போது அவருக்கு எதிராகக் கூச்சலிட வேண்டாம் என்றும், இவ்விளையாட்டுக்காகத் தம்மையே அர்ப்பணித்த ஒருவரை இவ்வாறு நடத்தக்கூடாது என்றும் அவர் களத்தில் நின்றவாறே இரசிகர்களிடம் கேட்டுக்கொண்டார்.

ஜொகோவிச்சின் தொடைத் தசை கிழிந்திருந்தது. அந்த உபாதை மூன்று நாட்களுக்கு முன்னர் கால் இறுதியில் ஏற்பட்டது. அந்தக் காலுடன்தான் அவர், தம்மிலும் 16 வயது இளையவரான கார்லோஸ் அல்கராஸைத் தோற்கடித்தார். அப்போது அவரை வானளாவப் புகழ்ந்தவர்கள், அதே கால் அடுத்த ஆட்டத்தில் ஒத்துழைக்க மறுத்தபோது ஏளனம் செய்தனர். பின்னர் அவர் தமது தசையின் ஸ்கான் படத்தையே சமூக வலைத்தளத்தில் வெளியிட நேர்ந்தது. 24 பெருஞ்சுற்றுப் பட்டங்களை வென்ற ஒரு வீரர், தமக்கு வலி இருந்தது என்பதை நிரூபிக்கத் தம் உடலின் உட்புறத்தையே உலகுக்குக் காட்ட வேண்டியிருந்தது என்றால், இரசிகர்களாகிய நாம் நமது மனப்போக்கைச் சற்றே சோதித்துப் பார்ப்பது நல்லது.

ஸ்வெரெவ் அன்று பேசியதற்குக் காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் திகதி பாரிஸ் நகரில் நடைபெற்ற பிரெஞ்சுப் பகிரங்க அரையிறுதியில் அவர் ஸ்பெயின் வீரர் ரபேல் நடாலை எதிர்கொண்டார். மூன்று மணித்தியாலங்களுக்கு மேல் ஆடியும் இரண்டாவது செட்கூட முடிந்திருக்கவில்லை. பந்தைத் துரத்திச் சென்ற ஸ்வெரெவின் வலது கணுக்கால் மடங்கியது, தசைநார்கள் அறுந்தன. அவருடைய அலறலை உலகமே தொலைக்காட்சியில் கேட்டது. சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுசெல்லப்பட்ட அவர், சற்று நேரத்தில் ஊன்றுகோல்களுடன் திரும்பி வந்து தோல்வியை ஏற்றுக்கொண்டார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பாரிஸில் கைதட்டல் கிடைத்தது. மெல்பேர்னில் கூச்சல் கிடைத்தது. இருவருமே உபாதையால்தான் விலகினார்கள். வேறுபாடு ஒன்றுதான். ஸ்வெரெவின் காயம் எல்லோருடைய கண்ணிலும் பட்டது. ஜொகோவிச்சின் காயம் தோலுக்கு அடியில் இருந்தது.

அதே பாரிஸ் அரையிறுதியில் வலையின் மறுபுறம் நின்ற நடாலின் கதை இன்னும் சிக்கலானது. அவருடைய இடது பாதத்தின் எலும்பொன்றைச் சிதைத்துவந்த நாட்பட்ட நோய் அவருக்குப் பதின்ம வயதிலேயே தலைகாட்டியது. 2022இல் அந்தப் பாதத்தை உணர்வற்றுப்போகச் செய்யும் ஊசிகளைப் போட்டுக்கொண்டுதான் அவர் களமிறங்கினார். புதிய பாதம் ஒன்று கிடைக்குமானால் இறுதியாட்டத்தில் தோற்பதையே விரும்புவேன் என்று அவர் அப்போது சொன்னது வேடிக்கைப் பேச்சன்று. இரண்டு நாட்களின் பின்னர் அவர் 14ஆவது தடவையாகப் பிரெஞ்சுப் பட்டத்தை வென்றார். இனி இவ்வாறு ஊசி போட்டுக்கொண்டு ஆடப்போவதில்லை என்றும் அறிவித்தார்.

அடுத்த மாதம் விம்பிள்டன் கால் இறுதியில் அவருடைய வயிற்றுத் தசை கிழிந்தது. நிறுத்திவிடுமாறு தந்தையும் தங்கையும் பார்வையாளர் பகுதியிலிருந்து சைகை காட்டினர். அவர் நிறுத்தவில்லை; ஐந்து செட்கள் ஆடி அமெரிக்காவின் டெய்லர் பிரிட்ஸை வென்றார். மறுநாள் அரையிறுதியில் ஆடாமலே விலகினார். 2023 ஜனவரியில் மெல்பேர்னில் இடுப்புப் பகுதியில் உபாதை ஏற்பட்டு, அந்த ஆண்டின் எஞ்சிய காலம் முழுவதையும் இழந்தார். 2024 நவம்பரில் ஓய்வுபெற்றார். பாரிஸ் வெற்றிக்குப் பின்னர் அவர் மற்றுமொரு பெருஞ்சுற்றுப் பட்டத்தை வெல்லவேயில்லை.

நடாலின் மனவுறுதியைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. ஆனால் உணர்விழந்த பாதத்துடன் பெற்ற வெற்றியை வீரத்தின் இலக்கணமாக இளம் வீரர்களுக்கு முன் நிறுத்துவது ஆபத்தானது. வலி என்பது உடல் விடுக்கும் எச்சரிக்கை. அதை ஊசியால் அடக்கிவிட்டு ஆடும் முடிவை, பட்டங்கள் பலவற்றை வென்ற 36 வயது வீரர் விளைவுகளை அறிந்தே எடுக்கலாம். 18 வயது இளைஞனோ யுவதியோ அதைப் பார்த்துப் பின்பற்றினால் என்னவாகும்?

விலகுபவர்களை ஏளனம் செய்யும் பழக்கம் புதியதன்று. 2006ஆம் ஆண்டு அவுஸ்திரேலியப் பகிரங்க மகளிர் இறுதியாட்டத்தில் பெல்ஜியத்தின் ஜஸ்டின் ஹெனின், பிரான்சின் அமெலி மொரெஸ்மோவிடம் 6-1, 2-0 எனப் பின்தங்கியிருந்த நிலையில் வயிற்று வலி காரணமாக விலகினார். தோள் உபாதைக்காக எடுத்த மருந்துகளே வயிற்றைப் பாதித்ததாக அவர் விளக்கமளித்தார். ஆயினும், இன்னும் சில நிமிடங்கள் தாக்குப்பிடித்திருக்கலாமே என்ற விமர்சனம் அவரை நெடுங்காலம் துரத்தியது.

இதில் மொரெஸ்மோவின் பக்கமும் உண்டு. அது அவருடைய முதலாவது பெருஞ்சுற்றுப் பட்டம். வெற்றிப் புள்ளியை அடித்துவிட்டுத் துள்ளிக் குதிக்கும் அந்தக் கணம் அவருக்குக் கிடைக்கவில்லை. அத்தொடரில் அவர் வென்ற ஏழு ஆட்டங்களில் மூன்று எதிராளியின் விலகலால் கிடைத்தவை. அதே ஆண்டு விம்பிள்டன் இறுதியில் ஹெனினை முழுமையாக ஆடி வென்ற பின்னர்தான் அவரது தகுதி பற்றிய முணுமுணுப்பு ஓய்ந்தது. உபாதை, தோற்றவரை மட்டுமல்ல, வென்றவரையும் வருத்துகிறது.

2025 விம்பிள்டனும் இதையே நினைவூட்டியது. நான்காம் சுற்றில் பல்கேரியாவின் 34 வயது கிரிகோர் டிமிட்ரோவ், தரவரிசையில் முதலிடத்திலிருந்த யானிக் சின்னரை முதல் இரண்டு செட்களிலும் வீழ்த்தியிருந்தார். மூன்றாவது செட் 2-2 என்றிருக்கையில் மார்புத் தசையைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்தவரால் தொடர முடியவில்லை. அடுத்தடுத்த ஐந்து பெருஞ்சுற்றுப் போட்டிகளில் அவர் ஆட்டத்தின் இடையே விலகியது அது ஐந்தாவது தடவை. அன்று கண்கலங்கி வெளியேறிய டிமிட்ரோவுக்குச் சின்னரே பையைத் தூக்கி உதவினார். ஒரு வாரத்தின் பின்னர் சின்னர் சம்பியன் கிண்ணத்தை உயர்த்தினார்.

உடற்தகுதியும் திறமையின் ஒரு பகுதிதானே என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. டென்னிஸ் விதிமுறைகளே இவ்வேறுபாட்டை ஓரளவு அங்கீகரிக்கின்றன. உபாதைக்கு உள்ளானவர் ஆட்டத்தை நிறுத்தி மூன்று நிமிட மருத்துவ உதவி பெறலாம். தசைப்பிடிப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. பக்கம் மாறும் இடைவேளையில் மட்டுமே அதற்குச் சிகிச்சை பெறலாம். களைப்பைத் தாங்குவது போட்டியாளரின் பொறுப்பு என்பதே இதன் அடிப்படை. 2023 பிரெஞ்சுப் பகிரங்க அரையிறுதியில் ஜொகோவிச்சுக்கு எதிராக ஒரு செட்டுக்கு ஒன்று எனச் சமநிலையில் ஆடிக்கொண்டிருந்த அல்கராஸ் திடீரெனத் தசைப்பிடிப்புக்கு ஆளானார். உடனடிச் சிகிச்சைக்காக ஒரு கேமையே விட்டுக்கொடுத்தார். எஞ்சிய இரண்டு செட்களையும் 6-1, 6-1 என இழந்தார். மனப்பதற்றமே காரணம் என்று அவர் பின்னர் ஒப்புக்கொண்டார். 20 வயதுக் காலையும் பதற்றம் முடக்கிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் களைப்புக்கும் உபாதைக்கும் இடையிலான கோடு காகிதத்தில் இருப்பதுபோல் உடலில் தெளிவாக இருப்பதில்லை. களைத்த தசைதான் முதலில் கிழிகிறது. பருவகாலமோ ஜனவரியில் ஆரம்பித்து நவம்பர் வரை நீள்கிறது. பெருஞ்சுற்றுப் பட்டத்தை வெல்ல ஆடவர் இரண்டு வாரங்களில் ஏழு ஆட்டங்கள் ஆட வேண்டும். ஒவ்வொன்றும் ஐந்து செட்கள்வரை நீளக்கூடியது. 2012 அவுஸ்திரேலிய இறுதியாட்டம் 5 மணித்தியாலம் 53 நிமிடங்கள் நீடித்தது. பரிசளிப்பின்போது நிற்க முடியாமல் தவித்த ஜொகோவிச்சுக்கும் நடாலுக்கும் நாற்காலிகள் கொண்டுவரப்பட்டன. அந்தக் காட்சியைப் பார்த்து நாம் வியந்தோமே தவிர, இது எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்கவில்லை.

பணமும் இதில் ஒரு காரணி. விம்பிள்டன் முதற் சுற்றில் தோற்பவருக்கு 2017இல் 35,000 பவுண் கிடைத்தது. 2025இல் அது 66,000 பவுண். தரவரிசையில் நூறாவது இடத்தை அண்டி நிற்கும் ஒருவருக்குப் பயணம், பயிற்சியாளர், சிகிச்சையாளர் ஆகிய செலவுகளை ஈடுசெய்ய இத்தொகை இன்றியமையாதது. உபாதையைச் சொல்லி விலகினால் வெறுங்கை. அதனால் நொண்டிக்கொண்டாவது களமிறங்கினார்கள். 2017 விம்பிள்டனின் இரண்டாம் நாள் மத்திய அரங்கில் ஜொகோவிச்சின் எதிராளியும், அடுத்து ரொஜர் பெடரரின் எதிராளியும் பாதியில் விலகினர். பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் ஆத்திரமடைந்தனர்.

அதன் விளைவாக 2018 முதல் விதி மாற்றப்பட்டது. உபாதையுற்றவர் முதற் சுற்றுக்கு முன்பே உரிய நேரத்தில் விலகினால் அச்சுற்றுக்கான பணத்தில் பாதி அவருக்கும், மீதி அவருக்குப் பதிலாக ஆடுபவருக்கும் வழங்கப்படும். தகுதியற்ற உடலுடன் களமிறங்கிப் பாதியில் விலகுவோருக்கு அபராதம் விதிக்கவும் இடமுண்டு. நேர்மையாக விலகுபவன் பட்டினி கிடக்கக்கூடாது என்ற எளிய நீதி இது. வீரர்களைத் திட்டுவதால் தீராத பிரச்சினை, விதியைத் திருத்தியதால் பெருமளவு தணிந்தது.

இன்னுமோர் உதாரணம். 2018 விம்பிள்டன் அரையிறுதியில் கெவின் அன்டர்சன், ஜோன் இஸ்னரை வெல்ல 6 மணித்தியாலம் 36 நிமிடங்கள் ஆட வேண்டியிருந்தது. இறுதிச் செட் மட்டும் 26-24. களைப்புடன் இறுதிக்கு வந்த அன்டர்சன் நேர் செட்களில் ஜொகோவிச்சிடம் தோற்றார். 2022 முதல் நான்கு பெருஞ்சுற்றுப் போட்டிகளிலும் இறுதிச் செட் 6-6 ஆனதும் பத்துப் புள்ளி டை பிரேக் நடத்தப்படுகிறது. மரபு கெட்டுவிட்டது என்று முனகியவர்கள் உண்டு. டென்னிஸ் கெட்டுவிடவில்லை.

இம்மாற்றங்கள் காலந்தாழ்த்தி வந்தவை. ஆர்ஜென்டீனாவின் யுவான் மார்ட்டின் டெல் பொட்ரோ 2009இல் 20 வயதில் அமெரிக்கப் பகிரங்கப் பட்டத்தை வென்றார். மணிக்கட்டு, பின்னர் முழங்கால் என அடுத்தடுத்துச் சத்திரசிகிச்சைகள். இரண்டாவது பட்டம் அவருக்குக் கிட்டவேயில்லை. கனடாவின் பியங்கா அன்ட்ரெஸ்கு 2019இல் 19 வயதில் செரீனா வில்லியம்ஸை வென்று சம்பியனானார். அதே ஆண்டில் ஏற்பட்ட முழங்கால் உபாதையுடன் ஆரம்பித்த ஓய்வு 2020 முழுவதும் நீடித்தது. பிரித்தானியாவின் அன்டி மரே இடுப்பு மூட்டில் உலோகம் பொருத்திக்கொண்டு மீண்டும் ஆட வந்தார். 2019 ஜனவரியில் மெல்பேர்ன் செய்தியாளர் மாநாட்டில், காலுறை அணிவதுகூட வலிக்கிறது என்று சொல்லி அவர் அழுதது நினைவிருக்கலாம்.

விலகத் தெரிந்தவருக்கு என்ன கிடைக்கும் என்பதற்குப் பெடரர் நல்ல சாட்சி. 2016இல் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் அவசரப்பட்டுத் திரும்பியவர், விம்பிள்டன் முடிந்ததும் எஞ்சிய பருவகாலம் முழுவதையும் துறந்தார். ஆறு மாத ஓய்வின் பின்னர் 2017 ஜனவரியில், 35 வயதில், நடாலை ஐந்து செட்களில் வென்று அவுஸ்திரேலியப் பட்டத்தைப் பெற்றார். அந்த ஆண்டு களிமண் தளப் போட்டிகள் அனைத்தையும் தவிர்த்துவிட்டு, விம்பிள்டனை ஒரு செட்டையும் இழக்காமல் வென்றார். கோடீசுவரரான பெடரருக்கு ஆறு மாதம் வீட்டிலிருக்க முடியும். நூறாம் இடத்தவருக்கு முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆதலால்தான் ஓய்வு என்பது தனிமனித விவேகமாக மட்டும் இருத்தல் போதாது. போட்டி அட்டவணையும் பரிசுப் பணமும் அதற்கு இடந்தர வேண்டும்.

அவற்றைத் திருத்துவது நிர்வாகிகளின் கடமை. நம் கையில் இருப்பது ஒன்றே. நுழைவுச்சீட்டுக்கும் தொலைக்காட்சிக்கும் நாம் கொடுத்த பணம் ஓர் ஆட்டத்தைப் பார்ப்பதற்கானது. அந்தப் பணத்துக்கு ஒருவருடைய முழங்காலையோ தொடைத் தசையையோ ஈடாகக் கேட்கும் உரிமை நமக்கு இல்லை. அடுத்த தடவை ஒரு வீரர் பாதியில் கைகுலுக்கிவிட்டுப் பையைத் தூக்கும்போது, அவருடைய காயம் நம் கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஸ்வெரெவுக்குப் பாரிஸ் இரசிகர்கள் கொடுத்த கைதட்டலை அவருக்கும் கொடுப்போம்.