நூலக மாடி அறையை விட்டுவிடாதீர்கள்

ஊர்ப் பொதுமக்களுக்குக் கிளை நூலக வாசகர் வட்டத்தின் வேண்டுகோள்.

நமது கிளை நூலகத்தின் மாடி அறையில் வேறொரு அலுவலகத்தின் பழைய கோப்புகளை அடுக்கி வைக்கலாம் என்ற யோசனை அடுத்த வாரக் கூட்டத்துக்கு வருகிறது. மாலையில் அந்த அறையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் பலருடைய பிள்ளைகள் அங்கே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் முடிக்கிறார்கள். சந்தேகம் தீர்க்க ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் வருகிறார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை, யாரும் கேட்டதும் இல்லை.

யோசனையைவிட அதற்குச் சொன்ன காரணம்தான் எங்களைக் கொதிக்க வைத்தது. “எல்லா விடையும் செல்போனிலேயே வந்துவிடுகிறது, இதற்கு ஓர் அறை எதற்கு?” என்றார்களாம்.

விடை வருகிறது, உண்மைதான். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டால், ஆறில் ஐந்து என்று நொடியில் வந்து நிற்கும். எங்களிடம் வரும் பிள்ளையோ ஐந்தில் இரண்டு என்று எழுதியிருக்கிறது. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டது. “அரைத் தோசை சாப்பிட்டாய், இன்னும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டாய். மொத்தம் அரைத் தோசைக்கும் குறைவாகவா ஆகும்?” என்று கேட்டால் பென்சிலை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறது, பிறகு தானே அழிக்கிறது. பொற்குடத்தைப் பிரிக்கச் சொன்னால் ‘பொற் + குடம்’ என்கிறது இன்னொன்று. ‘பொன் குடம்’ என்று நாலு முறை வேகமாகச் சொல்ல வைத்தால்தான் ‘ன்’ எங்கே போனது என்று அதற்குப் பிடிபடுகிறது. வேலூர்ப் புரட்சி 1806 ஜூலை 10 என்று ஒப்பிக்கும் பிள்ளை, ஒரு தலைப்பாகைக்காகச் சிப்பாய்கள் ஏன் கொதித்தார்கள் என்றால் விழிக்கிறது. தப்பு எங்கே நடந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டாமா? விடையைப் பார்த்து எழுதிய நோட்டுக்கு ‘சரி’ விழும். தேர்வு அறைக்குள் செல்போன் வராது.

செல்போன் பிள்ளைகளிடம் என்ன செய்கிறது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 2024 ஆசர் (ASER) கல்வி நிலை ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குத் திறன்பேசியை இயக்கத் தெரியும். முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் சுமார் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்குச் சுமார் 76 சதவீதம்.

வீட்டுப்பாடமே குறைய வேண்டும் என்பது தனிக் கதை. இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது, மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு 2 மணி நேரம் போதும் என்கிறது மத்திய அரசின் 2020 புத்தகப்பைக் கொள்கை. எங்களிடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் நோட்டோடு வருகிறது. ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. டியூஷன் பலகை தொங்காத தெரு நம் ஊரில் எது? மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குத் துணை தேவை என்பதை ஒப்புக்கொண்டுதான் தமிழ்நாடு அரசே 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது.

நூலகம் யாரும் தந்த தானமும் அல்ல. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறோம். ஆயிரம் ரூபாய் சொத்து வரி கட்டும் வீடு நூலகத்துக்கென்று நூறு ரூபாய் தருகிறது. அந்தப் பணத்தில் நிற்கும் கட்டடத்தில் அடுத்த அலுவலகத்தின் கோப்புக் கட்டுகளா?

காசு கொடுத்து டியூஷனுக்கு அனுப்ப முடிந்தவர்கள் இதுவரை வாய் திறக்கவில்லை. திருவிழா நன்கொடைப் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் சண்டைக்கு வருபவர்கள், இதற்கு ஒரு கையெழுத்துப் போட யோசிக்கிறார்கள். கூலி வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் அம்மாவிடம் இயற்கணிதம் கேட்க முடியாத பிள்ளைக்கு அந்த மாடியை விட்டால் வேறு இடமில்லை.

மனு நூலக வாசலில் இருக்கிறது. சனிக்கிழமைக்குள் கையெழுத்திடுங்கள், கூட்டத்துக்கு நேரில் வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். கோப்புகள் ஒருமுறை மாடி ஏறினால் இறங்காது. இன்று வராமல் இருந்துவிட்டு, அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது எங்களைத் தேடி வராதீர்கள். அப்போது உட்கார வைக்க எங்களிடம் இடம் இருக்காது.

— கிளை நூலக வாசகர் வட்டத்தினர்