ஓவர் குவாலிஃபைட்

வேலை தேடுகிறவனிடம் இந்த நாடு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. முதலாவது, 'ஜாங்கான் மெமிலிஹ் கெர்ஜா'. வேலையைப் பொறுக்கிக்கொண்டிருக்காதே. அமைச்சர் மாறலாம், ஆளும் கட்சி மாறலாம். பட்டதாரிகளைப் பற்றிப் பேச மைக் கிடைத்தால் இந்த வரி மட்டும் மாறாது. அந்த அறிவுரையைக் கேட்டு, பொறுக்காமல், கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் விண்ணப்பித்து நேர்முகத்துக்குப் போய் உட்கார்ந்தால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டாவது வரும். "யூ ஆர் ஓவர் குவாலிஃபைட்." இந்த இரண்டையும் ஒரே ஆளின் தலையில் போடுவதை நான் அயோக்கியத்தனம் என்றுதான் சொல்வேன்.

நான் உயிரித் தொழில்நுட்பம் படித்தவன். இளங்கலை, அதன்பின் இரண்டு வருடம் ஆய்வுக்கூடத்தில் முதுகலை. இந்தப் படிப்பு நானாகக் கனவு கண்டு போனதல்ல. 2005 ஏப்ரலில், அப்துல்லா படாவி பிரதமராக இருந்தபோது, தேசிய உயிரித் தொழில்நுட்பக் கொள்கையை அறிவித்தார்கள். 2020 வரை மூன்று கட்டங்கள். முதலில் ஆற்றலை வளர்ப்பது, பிறகு ஆய்வை வணிகமாக்குவது, கடைசியில் உலகச் சந்தைக்குப் போவது. அதற்கு முன்பே பையோவேலி என்று ஓர் ஆய்வு நகரம் வரப்போவதாகச் சொன்னார்கள், வரவில்லை. ஆனால் பல்கலைக்கழகங்களில் துறைகள் வந்தன, இடங்கள் வந்தன, மாணவர்கள் வந்தார்கள். அதற்குமேல் மைபிரெயின்15 என்றொரு திட்டம். 2023க்குள் 60,000 முனைவர்களை உருவாக்குவது அதன் இலக்கு. என் சீனியர்கள் சிலர் அந்தப் பணத்தில்தான் மேல்படிப்பு முடித்தார்கள். படி படி என்று கதவைத் திறந்துவிட்டவர்கள், இந்த 60,000 பேரும் எந்த நாற்காலியில் உட்காரப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டார்களா? போட்டிருந்தால் நான் கையுறைத் தொழிற்சாலை வாசலில் நின்றிருக்க மாட்டேன்.

கிள்ளான் பக்கம் உள்ள தொழிற்சாலை அது. தரக்கட்டுப்பாட்டு உதவியாளர் வேலை, சம்பளம் 1,900 வெள்ளி. மனிதவளப் பிரிவில் இருந்த அக்கா நல்லவர்தான். என் ரெசுமேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிப்ளோமா போதுமே தம்பி. மாஸ்டர்ஸ் வச்சிக்கிட்டு இங்க வந்து என்னா செய்யப் போறீங்க? மூணு மாசத்துல ஓடிருவீங்க" என்றார்.

அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆளை எடுத்துப் பழக்கி, அவன் போய்விட்டால் நட்டம்தான். ஆனால் அதே தொழிற்சாலையில் எஸ்பிஎம் முடித்துச் சேரும் பையன்கள் நிற்கிறார்களா? பக்கத்துத் தொழிற்சாலையில் 200 வெள்ளி கூடுதல் என்றால் அவர்களும் அடுத்த மாதம் அங்கேதான் இருப்பார்கள். ஓடவைப்பது படிப்பல்ல, சம்பளம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ஆகிவிட்டது. அதற்குமேல் 200 வெள்ளியை வைத்துக்கொண்டு, மூன்று மாதத்தில் ஓடாத ஆள் வேண்டும் என்பவர்களுக்கு உண்மையில் வேண்டியது வேறு போக்கிடம் இல்லாத ஆள். 'ஓவர் குவாலிஃபைட்' என்ற சொல்லுக்கு நான் கண்ட பொருள் அதுதான்: உனக்குப் போக்கிடம் இருக்கக்கூடும் என்று சந்தேகப்படுகிறோம்.

போக்கிடம் எங்கே இருக்கிறது என்று சொன்னால் நானும் தெரிந்துகொள்வேன். அதே வாரம் ஓர் ஆய்வு அதிகாரி பதவிக்கு விண்ணப்பித்தேன். முனைவர் பட்டமும் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டுமாம். ஆய்வுக்கூடக் கருவி விற்கும் வேலைக்கு மாண்டரின் பேசுபவர்களுக்கு முன்னுரிமையாம். திங்கட்கிழமை அதிகத் தகுதி, வியாழக்கிழமை தகுதிக் குறைவு. நடுவில் இரண்டு நாளில் நான் எதையும் மறந்துவிடவில்லை.

நான் தனி ஆள் இல்லை. நாட்டில் உயர்கல்வி முடித்து வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் அந்தப் படிப்பு தேவைப்படாத வேலைகளில் இருக்கிறார்கள் என்று புள்ளிவிவரத் துறையே சொல்கிறது. வேலையின்மை விகிதம் இறங்கிவிட்டது என்று அறிவிக்கும்போது இவர்கள் எல்லாரும் 'வேலையில் இருப்பவர்கள்'. கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் சம்பளத்துக்கு உழைத்திருந்தாலே போதும், அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடலாம். நான் வாரம் எட்டு மணி நேரம் படிவம் ஐந்து பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். ஆகவே நான் வேலையில்லாதவன் இல்லை. அம்மாவிடம் இதைச் சொன்னேன், சிரிக்கவில்லை.

கடன் மட்டும் சரியாகக் கணக்கு வைத்திருக்கிறது. படிப்பு முடிந்து 12 மாதம் போனால் பிடிபிடிஎன் தவணை தொடங்கிவிடும். வேலை கிடைத்ததா என்பது வேறு கதை. 2018 முதல் வேலைக் காப்புறுதித் திட்டம் இருக்கிறதே என்று பெர்கெசோவுக்குப் போகச் சொன்னார் ஒரு மாமா. அது சந்தா கட்டி, வேலையை இழந்தவர்களுக்கு. இழப்பதற்கு முதலில் ஒன்று கிடைத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் இருக்க, நம் சமூகம் இளைஞர்களுக்குக் கொடுப்பது என்ன? தன்முனைப்பு. சனிக்கிழமை மண்டபம், டிக்கெட் 50 வெள்ளி, மதியம் பிரியாணி. "வேலை தேடாதே, வேலை கொடு!" என்று மேடையில் கத்துகிறார் கோட்டுப் போட்டவர். அவர் தொழிலே இந்தக் கத்தல்தான், அதில் அவர் முதலாளி என்பது உண்மை. கீழே உட்கார்ந்திருக்கும் 200 பேரும் முதலாளியானால் வேலைக்கு ஆள் எங்கிருந்து வருவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஊதியத்திலும் கொள்கையிலும் பாரபட்சத்திலும் உள்ள கோளாறை எடுத்து, உன் மனோபாவத்தின் கோளாறு என்று உன்னிடமே காசுக்கு விற்பதை எப்படிச் சேவை என்று அழைக்கிறோம் எனக்குப் புரியவில்லை. பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு, படித்தால் தப்பிக்கலாம் என்று சொன்னோம். படித்துவிட்டு வந்தவனிடம், படிப்பு முக்கியமில்லை தம்பி, நெட்வொர்க்கிங்தான் முக்கியம் என்கிறோம். இரண்டு பேச்சுக்கும் கைதட்டல் ஒரே அளவுதான்.

ஒன்றரை ஆண்டாக எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்கிறார்கள். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. காலை நேரம் மட்டும் விண்ணப்பத்துக்கு. மதியத்துக்குப் பிறகு மின்னஞ்சலைத் திறப்பதில்லை. சம்பளம் எவ்வளவு என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுகிறேன், சொல்லாத இடத்துக்கு கொமுட்டர் டிக்கெட் எடுப்பதில்லை. ஒரு வாரம் இலவசமாகச் செய்து காட்டு என்ற இடத்தை வேண்டாம் என்றேன். பிடிபிடிஎன் அலுவலகத்தில் போய்ப் பேசினால் தவணையை மாற்றியமைக்க விண்ணப்பிக்கலாம். வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் போய்ப் பேசுங்கள். கூடப் படித்த நாலு பேர் ஒரு வாட்சாப் குழுவில் இருக்கிறோம். எந்த நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்று பகிர்ந்துகொள்வோம், திட்டவேண்டியதையும் அங்கேயே திட்டித் தீர்ப்போம்.

அந்தக் குழுவில் ஒருவன் சொல்லித்தான் இரண்டாவது ரெசுமே ஒன்று தயாரித்தேன், முதுகலை இல்லாமல். பத்து விண்ணப்பத்துக்கு அதை அனுப்பிப் பார்த்தேன். மூன்று இடத்தில் கூப்பிட்டார்கள். அதில் ஒரு இடத்தில், "இந்த ரெண்டு வருஷம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்கள். "வீட்டுல சும்மா இருந்தேன் சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். இரண்டு வருடம் படித்தவனிடம் சந்தேகப்பட்ட மேசைக்கு, இரண்டு வருடம் சும்மா இருந்தவனிடம் சந்தேகமே வரவில்லை. அந்த வேலையும் கிடைக்கவில்லை, அது வேறு விஷயம்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. விளம்பரத்தில் சம்பளத்தைப் போடுங்கள். ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் அரசின் வேலைத்தளத்தில் சம்பள வரம்பைக் குறிப்பிடாமல் விளம்பரமே போட முடியாது. எண்ணைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கிறவன் தெரிந்துதான் விண்ணப்பிக்கிறான். நீ அதிகம் படித்தவன் என்று அவனுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. இங்கே அந்த இடத்தில் 'நெகோஷியபிள்' என்று போடுகிறார்கள். இந்த ஒன்றரை ஆண்டில் என்னிடம் யாரும் பேரம் பேசியதில்லை.