வாளும் ஓர் அடைக்கலப் பொருளே

வாள் என்றதும் போர்க்களமும் குருதியுமே நம் நெஞ்சில் தோன்றுகின்றன. கொலைக்கருவியைக் கலைப்பொருளாகப் போற்றுதல் தகுமோ என வினவுவாரும் உளர். ஜப்பானியரின் மரபு வாளைக் கருதும்போது, தகும் என்பதே என் விடை. ஆனால், அதனைக் கையில் வைத்திருப்பவர் தம்மை உரிமையாளராக எண்ணாமல் காவலராக எண்ணுதல் வேண்டும்.

இரும்பு மணலையும் மரக்கரியையும் ‘ததாரா’ என்னும் களிமண் உலையில் இட்டு எடுக்கும் எஃகை மடித்து மடித்து அடித்து வாள் வடிக்கின்றனர். பின்பு களிமண் குழம்பை முதுகில் தடிப்பாகவும் வாய்ப்பக்கம் மெல்லியதாகவும் பூசி, காய்ச்சி, நீரில் தோய்க்கின்றனர். வாய் விரைந்து குளிர்ந்து கடினமாகிறது. முதுகு மெல்லக் குளிர்ந்து முறியாத் தன்மை பெறுகிறது. இரண்டும் கூடும் எல்லையில் அலை போன்றதொரு கோலம் அமைகிறது. நாம் போற்றுவது கொலையை அன்று. இந்தக் கைத்திறனையே ஆகும்.

இக்கலை அழிவின் விளிம்பையும் கண்டது. 1876இல் பொது இடங்களில் வாள் அணிதல் தடை செய்யப்பட்டது. 1945இல் போரில் தோற்ற ஜப்பானில் வாள்களை ஒப்படைக்குமாறு ஆணை பிறந்தது. பல அழிக்கப்பட்டன, பல படைவீரர்களுடன் கடல் கடந்தன. புகழ்பெற்ற ‘ஹோன்ஜோ மசமுனே’ என்னும் வாள் அவ்வாறு ஒப்படைக்கப்பட்டது; இன்றளவும் மீளவில்லை. 1948இல் வாள் கலையைக் காக்கும் சங்கம் நிறுவப்பெற்றது. அச்சங்கத்தின் முயற்சியால் 1977இல் ஷிமானே மாநிலத்தில் ததாரா உலை மீண்டும் எரியத் தொடங்கியது.

கடல் கடந்த வாள்களைக் காக்கும் கடமை உலகச் சேகரிப்பாளரைச் சார்ந்தது. அவருள் அமெரிக்கரான வால்டர் காம்ப்டன் நினைக்கத்தக்கவர். தம் நாட்டில் கிடைத்த குனிமுனேயின் வாள் ஒன்று, ககோஷிமாவின் தெருகுனி ஆலயத்திலிருந்து காணாமற்போன தேசியச் செல்வம் என்று தெளிந்ததும், 1960களில் பொருள் எதுவும் பெறாமல் அதனைத் திருப்பி அளித்தார். வைத்திருக்கும் தகுதி, திருப்பிக் கொடுக்கும் மனத்தில் அன்றோ விளங்குகிறது!

தீயோர் கையினும் அறியாதார் கை பெருங்கேடு செய்வதுண்டு. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியில்தான் கொல்லர் தம் பெயரைப் பொறிப்பர். அங்குப் படிந்த கருந்துருவின் நிறத்தைக் கொண்டே அறிஞர் வாளின் காலத்தைக் கணிக்கின்றனர். அழகுபடுத்துவதாக எண்ணி அதனைத் தேய்த்துவிட்டால், சில நூற்றாண்டுகளின் சான்று ஒரு நாழிகையில் அழிந்துபோகும். அலகில் படரும் துருவோ பகை. மெல்லிய எண்ணெய்ப் பூச்சால் அதனைத் தடுத்தல் வேண்டும். சாணை தீட்டுதலும் பயின்ற வல்லுநருக்கே உரியது; ஒவ்வொரு முறை தீட்டும்போதும் எஃகு சிறிது தேய்கிறது; தேய்ந்தது திரும்புவதில்லை.

எதனை நீக்குவது, எதனைத் தொடாது விடுவது என்று அறிதலே பாதுகாப்பின் முதற்பாடம். நூறாண்டு வாழாத மனிதன் கையில் எழுநூறு ஆண்டு கண்ட வாள் ஒன்று சில காலம் தங்கிச் செல்கிறது. பெற்றவாறே அதனை அடுத்த தலைமுறைக்கு ஒப்படைப்பவரே அப்பொருளுக்கு உண்மையில் உரியவர்.