சூனேமியாளின் வயல்



2023ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் தேதி மணிப்பூரில் கலவரம் மூண்டபோது நம்முடைய சபைகள் பலவும் விரைந்து கைகொடுத்தன. மும்பையில் எங்கள் சபையிலும் ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் கம்பளிகளும் பால்பவுடர் டப்பாக்களும் துவைத்து மடித்த உடுப்புகளும் மேடையோரத்தில் குவிந்தன. இரண்டு மாதங்கள் இது நடந்தது. மூன்றாம் மாதம் குவியல் சிறுத்தது. நான்காம் மாதம் அந்த இடத்தில் ஒலிபெருக்கிப் பெட்டி வந்து அமர்ந்துகொண்டது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டி முடிப்பதற்குள் மூச்சுத் திணறும் குடும்பங்கள்தான் நம் சபைகளில் அதிகம்.

சென்ற மாதம் பெண்கள் உபவாச ஜெபம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்த வேளையில், வயது முதிர்ந்த ஒரு தாயார் என்னிடம் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மும்பைக்கு வந்து 40 ஆண்டுகள் ஆனவர். "பாஸ்டர் ஐயா, கம்பளி அனுப்பினோமே, அந்தச் சனங்க வீட்டுக்குப் போய்ட்டாவளா?" என்று கேட்டார். "எல்லாரும் போகவில்லை, அம்மா" என்றேன். "அப்போ அவுக வீடும் நெலமும் இப்ப யார் கையில இருக்கு?" என்றார்.

முதல் கேள்விக்கு என்னிடம் பாதிப் பதிலாவது இருந்தது. 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கடந்த பின்னும் ஆயிரக்கணக்கானோர் நிவாரண முகாம்களிலேயே இருந்தார்கள். இரண்டாம் கேள்வியை, உண்மையைச் சொன்னால், நான் என்னையே கேட்டுக்கொண்டது கிடையாது. முகாமில் இருப்போருக்கு உணவும் உடையும் போதுமா என்று விசாரித்தேனே தவிர, அவர்கள் விட்டுவந்தது என்ன ஆயிற்று என்று விசாரித்ததில்லை.

மணிப்பூரின் கதை இன்னும் முடியவில்லை. ஆனால் தொடங்கி, நீண்டு, ஒருவாறு முடிந்த வேறொரு முகாமின் கதை நம் தேசத்திலேயே உண்டு. அந்தத் தாயாரின் கேள்விக்கு அதிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது.

மிசோரம் மாநிலத்தின் மேற்கு எல்லையில் புரூ என்னும் மலைவாழ் மக்கள் வாழ்கிறார்கள். திரிபுராவில் இவர்களை ரியாங் என்று அழைப்பார்கள். காட்டுச் சரிவைத் திருத்தி, எரித்து, இடம் மாற்றிப் பயிரிடும் ஜூம் விவசாயம் இவர்களுடைய பிழைப்பு. இவர்களில் இந்துக்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. இவர்கள் மிசோரத்தின் பூர்வீகக் குடிகள் அல்லர், வாக்காளர் பட்டியலிலிருந்து இவர்களை நீக்க வேண்டும் என்று 1995இல் சில மிசோ அமைப்புகள் கோரின. தங்களுக்குத் தனித் தன்னாட்சி மாவட்டக் குழு வேண்டும் என்று புரூ தலைவர்கள் கோரினார்கள். 1997 அக்டோபரில் டம்பா புலிகள் காப்பகத்தில் மிசோ வனக்காவலர் ஒருவர் புரூ ஆயுதக் குழுவினரால் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து புரூ கிராமங்களில் வீடுகள் எரிந்தன. 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாநில எல்லையைக் கடந்து, வட திரிபுராவின் காஞ்சன்பூர், பானிசாகர் பகுதிகளில் அமைந்த முகாம்களில் போய் விழுந்தார்கள்.

தேச எல்லையைக் கடந்தவனை உலகம் அகதி என்கிறது. அவனுக்கென்று சர்வதேச உடன்படிக்கை உண்டு. சொந்த தேசத்துக்குள்ளேயே ஓடியவனுக்கு அப்படியொன்றும் இல்லை. 1998இல் ஐக்கிய நாடுகள் சபை உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்காக 30 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அவை எந்த அரசையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. கலவரத்தால் இடம்பெயர்ந்தோருக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டமும் கிடையாது. ஆகவே முகாமில் என்ன கிடைக்கும், எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதை அந்தந்த நேரத்து அரசாணையே தீர்மானிக்கிறது.

புரூ முகாம்களில் கிடைத்தது இது: பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 கிராம் அரிசி, 5 ரூபாய் பணம். சிறுவருக்கு 300 கிராம் அரிசி, இரண்டரை ரூபாய். நம் வீட்டுக் கணக்காகவே போட்டுப் பாருங்கள். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மாதம் 63 கிலோ அரிசி, 525 ரூபாய். அரிசி நிறையத்தான் இருக்கிறதே என்று தோன்றும். பருப்பு, எண்ணெய், காய்கறி, மருந்து, நோட்டுப் புத்தகம், பேருந்துக் கட்டணம் எல்லாம் அந்த 525 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். அடங்காதபடியால் அரிசியில் ஒரு பகுதியை விற்றார்கள். காட்டுக் கீரையும் கிழங்கும் பறித்து வந்து குழம்பு வைத்தார்கள். கிடைத்தபோது கூலி வேலைக்குப் போனார்கள். வீடு என்பது மூங்கில் தட்டியும் கூரையும். 2011 மார்ச்சில் நைசிங்பாரா முகாமில் பிடித்த தீ குடிசைக்குக் குடிசை தாவி, குழந்தைகள் உட்படப் பலரைக் கொன்றது.

இப்படி ஓராண்டு இருந்தால் அதைத் துன்பம் என்போம். அவர்கள் 22 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்கள். முகாமில் பிறந்த பெண்பிள்ளை முகாமிலேயே வளர்ந்து, மணமாகி, அங்கேயே தாயாகிவிட்டாள். அவளுக்கு ஜூம் விவசாயம் தெரியாது. பயிரிட நிலமிருந்தால்தானே தாய் மகளுக்குக் கற்றுத்தர முடியும்?

பட்டணத்தில் பிழைக்க வந்த நமக்கு விலாசத்தின் அருமை தெரியும். ஊரில் ரேஷன் அட்டையில் பெயர் நீக்கி, அந்தச் சான்றைக் கொண்டுவந்து இங்கே சேர்ப்பதற்குள் செருப்புத் தேய்ந்த அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது! வாடகை ஒப்பந்தம் எழுதித்தர வீட்டுக்காரர் மறுத்ததால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க முடியாமல் என்னிடம் வந்து அழுத சகோதரியை நான் மறக்கவில்லை. ஆனாலும் நமக்கு ஊரில் ஒரு விலாசம் மிஞ்சியிருந்தது. புரூ மக்களுக்கு இரண்டு பக்கமும் இல்லை. வாழ்ந்தது திரிபுராவில், ஆனால் அங்கே நிரந்தரக் குடியிருப்புச் சான்று கிடையாது. வாக்கு இருந்தது மிசோரத்தில். ஆனால் அங்கே வீடு கிடையாது. 2018 நவம்பரில் நடந்த மிசோரம் சட்டமன்றத் தேர்தலில் அவர்கள் முகாமிலிருந்து புறப்பட்டு, எல்லையோரக் கிராமமாகிய கான்முன்னுக்குப் போய் வாக்களித்துவிட்டு, மறுபடியும் முகாமுக்கே திரும்பினார்கள்.

திரும்பிப் போகும் முயற்சியே நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2009 நவம்பரில் அதற்கு ஏற்பாடாகிக்கொண்டிருந்தபோது மிசோ இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். பழி புரூ ஆயுதக் குழுவின்மேல் விழுந்தது. மீண்டும் வீடுகள் எரிந்து, புதிதாகப் பலர் ஓடிவந்தார்கள். அதன்பின் சில நூறு குடும்பங்கள் பகுதி பகுதியாகத் திரும்பின. 2018இல் செய்யப்பட்ட ஒப்பந்தத்தில் வைப்புத்தொகையும் மாத உதவியும் வாக்களிக்கப்பட்டன. பெரும்பாலானோர் போக மறுத்தார்கள். சிதறலாக அல்ல, பாதுகாப்பாகச் சேர்ந்து வாழும்படி கிராமங்கள் வேண்டும் என்றார்கள்.

2019 அக்டோபரில் முகாம்களுக்கு அரிசியும் பணமும் நிறுத்தப்பட்டன. போகாதவனுக்குச் சோறில்லை என்பதே அதன் பொருள். மக்கள் சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். பட்டினியால் சாவுகள் நேர்ந்ததாக முகாம் தலைவர்கள் சொன்னார்கள், நிர்வாகம் மறுத்தது. பிறகு ரேஷன் மீண்டும் வந்தது. முகாமில் வாழ்பவனின் மிகப் பெரிய இக்கட்டு இதுதான் என்று நான் நினைக்கிறேன். அவன் கையில் அளக்கப்படும் அரிசி, எந்த நாளிலும் அவனைத் தள்ளும் கோலாக மாறக்கூடும்.

இங்கே ஒரு காரியத்தைச் சொல்லாமல் கடந்துபோனால் நான் உண்மையுள்ளவனாய் இருக்கமாட்டேன். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மிசோரத்தில் 100க்கு 87 பேர் கிறிஸ்தவர்கள். வேதாகமக் கல்லூரியில் என் அறைத்தோழர் ஐசாலிலிருந்து வந்தவர். அவர்கள் ஊரில் பெண்கள் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அது சபைக்குப் போகும். அந்த அரிசியே எத்தனையோ ஊழியங்களைத் தாங்குகிறது என்று அவர் சொல்லக் கேட்டு நான் வியந்ததுண்டு. நம் பக்கத்துப் பிடியரிசிக் காணிக்கையைப் பற்றி நானும் பெருமையாகச் சொன்னேன். 2021இல் மியான்மரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் ஓடிவந்த பல்லாயிரம் பேருக்கும், 2023இல் மணிப்பூரிலிருந்து வந்த 12 ஆயிரம் பேருக்கும் அதே மிசோ மக்கள் கதவைத் திறந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் இரத்த உறவுடைய இனத்தார். அப்படிப்பட்ட தயாளமுள்ள ஜனத்தின் எல்லைக்கு அப்பால், அவர்களுடைய பழைய அயலான் 22 ஆண்டுகள் 600 கிராம் அரிசியில் கிடந்தான்.

மிசோ சகோதரரைக் குறைகூற இதை எழுதவில்லை. கொல்லப்பட்டவர்கள் அவர்கள் பக்கத்திலும் உண்டு. மேலும், என் அறைத்தோழர் புரூ மக்களைப் பற்றி என்னிடம் பேசியதில்லை என்றால், என் சொந்தக் கிராமத்தில் ஊருக்கு வெளியே தனியே தள்ளப்பட்டிருந்த தெருக்களைப் பற்றி நானும் அவரிடம் பேசியதில்லை. தூரத்துத் துன்பத்துக்குக் கம்பளி அனுப்புவது எளிது. பக்கத்து வீட்டான் திரும்பி வந்தால் அவனுக்கு நிலத்தில் பங்கும் வாக்கில் பங்கும் தர வேண்டியிருக்கும். அங்கேதான் நம் கை சுருங்குகிறது.

2 இராஜாக்கள் 8ஆம் அதிகாரத்தில் சூனேமியாள் மறுபடியும் வருகிறாள். தீர்க்கதரிசிக்கு மேல்வீட்டில் அறை கட்டிக் கொடுத்தவள், மரித்த மகனை உயிரோடு பெற்றவள் என்று அவளைப் பற்றி நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் பஞ்சத்தினிமித்தம் அவள் வீட்டாரோடு புறப்பட்டு ஏழு வருஷம் பெலிஸ்தர் தேசத்தில் தங்கியிருந்ததை அதிகம் பேசினதில்லை. திரும்பி வந்தவள் ராஜாவிடம் போய் முறையிட்டது அப்பத்துக்காக அல்ல, தன் வீட்டுக்காகவும் வயலுக்காகவும். ராஜா ஒரு பிரதானியை நியமித்து, அவளுக்குரிய யாவற்றையும், அவள் தேசத்தை விட்டுப் போன நாள் முதல் வயல் தந்த வருமானத்தையுங்கூடத் திரும்பக் கொடுக்கச் செய்தான். அந்தத் தாயார் கேட்ட கேள்வி இந்த அதிகாரத்தில் இருக்கிறது. வேதபாடம் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

புரூ மக்களுக்குச் சூனேமியாளின் தீர்ப்பு கிடைக்கவில்லை. 2020 ஜனவரி 16ஆம் தேதி டில்லியில் மத்திய அரசும், திரிபுரா, மிசோரம் அரசுகளும், புரூ பிரதிநிதிகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஏறத்தாழ 34 ஆயிரம் பேரைத் திரிபுராவிலேயே குடியமர்த்துவது என்று முடிவாயிற்று. குடும்பத்துக்கு 1,200 சதுர அடி மனை, வீடு கட்ட ஒன்றரை இலட்சம் ரூபாய், 4 இலட்சம் ரூபாய் வைப்புத்தொகை, இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 5 ஆயிரம் ரூபாயும் இலவச ரேஷனும். மொத்தம் 600 கோடி ரூபாய்த் திட்டம். விட்டுவந்த காட்டுச் சரிவுகளும் தோட்டங்களும் அங்கேயே நின்றுவிட்டன. அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. இத்தனை பேரைத் தங்கள் பகுதியில் குடியேற்றினால் தாங்காது என்று உள்ளூர் மக்கள் போராடினார்கள். 2020 நவம்பரில் பானிசாகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போயிற்று. அந்த எதிர்ப்பாளர்களும் ஏழைகளே. பிறகு குடியிருப்புகள் எழுந்தன. திரிபுராவின் வாக்காளர் பட்டியலில் பெயர்கள் ஏறின. சொந்த வாசற்படி கிடைத்தது சிறிய காரியம் அல்ல. ஆனால் விவசாயம் செய்த குடும்பத்துக்கு 1,200 சதுர அடியில் வீடு நிற்கும், வயல் நிற்காது. இரண்டு ஆண்டு உதவி முடிந்தபின் பிழைப்புக்கு என்ன வழி என்பது அவர்களுக்குப் புதிய கவலை.

இத்தனையும் அந்தத் தாயாரிடம் விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மணிப்பூர்க்காரங்களுக்கு இப்ப என்ன வேணும்னு யாராவது கேட்டாங்களா?" என்றார். கேட்கவில்லை. ஆகவே மூப்பர்களோடு கலந்து, அங்கே முகாம்களில் ஊழியம் செய்யும் இருவருக்குக் கடிதம் எழுதினோம். என்ன அனுப்பலாம் என்று மட்டும் கேளாமல், வீட்டு மனைப் பத்திரம் யாரிடம் இருக்கிறது, பிள்ளைகள் எந்த வகுப்பில் நிற்கிறார்கள், வாக்காளர் பட்டியலில் பெயர் எங்கே இருக்கிறது என்றும் கேட்டோம்.

ஒருவரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. கம்பளிகள் போதுமான அளவு இருக்கின்றனவாம்; தயவுசெய்து இனி அனுப்ப வேண்டாம் என்கிறார். 11 பிள்ளைகளின் மதிப்பெண் சான்றுகள் வீட்டோடு எரிந்துவிட்டன. நகல் வாங்க விண்ணப்பக் கட்டணமும், அலுவலகத்துக்கு இரண்டு மூன்று முறை போய்வரும் செலவும் ஆகும். எரிந்த வீடுகளுக்குரிய மனைப் பதிவு நகல்களைப் பெறவும் உதவி தேவை என்று நான்கு குடும்பங்களின் விவரத்தைத் தனித்தாளில் எழுதியிருக்கிறார். இம்மாதத்துத் தர்மக் காணிக்கை இவற்றுக்குப் போகிறது. இன்னொருவரின் பதில் வந்ததும் அடுத்த இதழில் எழுதுகிறேன்.