ரீபோர் செய்த புல்லட்டுக்கு எந்த ஆயில்?

ஜெயமங்கலம் பக்கம் சில வீட்டு வாசலில் இன்னும் பழைய புல்லட் நிற்கும். அப்பா ஓட்டிய வண்டி. விற்க மனசு வராது. மகன் ஒருநாள் அதை பெரியகுளத்துக்கோ தேனிக்கோ கொண்டுபோய், சிலிண்டரை ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் போடுவார். ஆயிரக்கணக்கில் செலவாகியிருக்கும். கடைசியில் ஆயில் வாங்கும்போதுதான் குழப்பம். "அண்ணே, இருக்கிறதுலயே விலை கூடின ஆயிலா ஊத்துங்க" என்பார். "வேணாம் தம்பி, இப்போதைக்கு சாதா மினரல் ஆயில் போதும்" என்பார் மெக்கானிக்.

மெக்கானிக் சொல்வதுதான் சரி. ரீபோர் செய்த சிலிண்டரின் உட்சுவரில் மெல்லிய கீறல்கள் இருக்கும். புது ரிங் அதில் லேசாக உரசித் தேய்ந்தால்தான் சுவரோடு பொருந்தி உட்காரும். முழு சிந்தெடிக் ஆயில் வழுவழுப்பு அதிகம். தேவையான அந்தச் சிறு உரசலையும் குறைத்துவிடலாம். ரிங் சரியாக உட்காராவிட்டால் ஆயில் மேலேறி எரியும். நீலப் புகை வரும். போட்ட காசு புகையாகப் போகும்.

அடுத்து, டப்பாவில் உள்ள எண். 1955 முதல் சென்னையில் உருவான புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 பொருத்தம். 'டபிள்யூ'வுக்கு முன்னால் இருப்பது குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்லும். நம்ம ஊர் வெயிலுக்கு அது பெரிய விஷயமில்லை. பின்னால் உள்ள 50தான் முக்கியம். 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டும் எண் அது. காற்றில் மட்டுமே ஆறும் எஞ்சின், கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போது கொதிக்கும். அப்போது மெல்லிய ஆயில் தண்ணீராக இளகிவிடும். அதற்காக 50-க்கும் மேலே போக வேண்டாம். புது பேரிங்கில் இடைவெளி குறைவு. மிகக் கெட்டியான ஆயில் உள்ளே போகத் தாமதமாகும்.

காருக்கான 5டபிள்யூ-30 போன்ற ஆயில் மிச்சமிருக்கிறதே என்று ஊற்றவும் கூடாது. புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காக்க, அத்தகைய மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டாதபடி வரம்பு உண்டு. ஆனால் பழைய புல்லட்டின் கேமும் டேப்பெட்டும் நேருக்கு நேர் உரசுபவை. அவற்றைத் தேயாமல் காப்பதே துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த கலவைதான்.

டப்பாவில் 'எஸ்' என்று தொடங்கும் தரக்குறி இருந்தால் பெட்ரோல் எஞ்சினுக்கு, 'சி' என்றால் டீசலுக்கு. போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய டீசல் ஜீப்புக்கு 'சி' வகை 15டபிள்யூ-40 பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொரு வித்தியாசம். பழைய புல்லட்டில் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் எண்ணெய் தனித்தனி. பின்னால் வந்த யுசிஇ எஞ்சினில் ஒரே ஆயில்தான் எல்லாவற்றுக்கும். அதற்கு டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் கிளட்ச் வழுக்கும்.

ஊற்றிய பிறகும் வேலை இருக்கிறது. முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். தேய்ந்த இரும்புத் துகள் எல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். அதுவரை இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மலையேற வேண்டாம். தேனி, பெரியகுளம் என்று சமதளத்தில், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினால் போதும்.

வண்டி பல நாள் நின்றால் டேங்கில் உள்ள ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். குச்சியில் அளவு குறைவாகத் தெரியும். அவசரப்பட்டு ஊற்றினால் ஆயில் மிஞ்சி, மூச்சுக்குழாய் வழியே வெளியே தள்ளும். சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பிறகு பாருங்கள்.

1,000 கிலோமீட்டர் தாண்டியும் நீலப் புகை நிற்கவில்லையா? இன்னும் கெட்டியான ஆயில் ஊற்றி அதை மறைக்காதீர்கள். ரிங்கையும் வால்வு கைடையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவின் வண்டி அடுத்த தலைமுறைக்கும் ஓட வேண்டுமல்லவா?