நோயாளியின் டைரி செல்போனுக்கு வந்துவிட்டது... அதைப் படிப்பது யார்?

‘போன வாரம் வலி எப்படி இருந்துச்சு?’ என்று டாக்டர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? இன்றைக்கு வலி குறைவு என்றால் ‘பரவாயில்லை சார்’ என்போம். இன்றைக்கு அதிகம் என்றால் வாரம் முழுக்கவே கஷ்டப்பட்டதாகத் தோன்றும். புது மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் கிளினிக்கல் ட்ரயலில் இந்த ஞாபகத்தை நம்பினால் வம்புதான்.

அதனால்தான் பங்கேற்பவர்களிடம் டைரி கொடுத்து தினமும் எழுதச் சொன்னார்கள். ஆனால், ஸ்கூல் ரெக்கார்டு நோட்டை நாம் எப்படி முடித்தோம்? கடைசி நாளில், மொத்தமாக. இங்கேயும் அதே கதைதான்.

அமெரிக்காவில் ஆர்தர் ஸ்டோன் குழுவினர் இதைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். நாள்பட்ட வலி உள்ள 80 பேரில் பாதிப் பேருக்குக் காகித டைரி, மீதிப் பேருக்கு எலெக்ட்ரானிக் டைரி. காகித டைரியின் ஃபைலுக்குள் மறைவாக ஒரு ஒளி சென்சார்; டைரி எப்போது திறக்கப்படுகிறது என்பதை அது குறித்துக்கொள்ளும். சொன்ன நேரத்தில் எழுதியதாக டைரிகள் காட்டியது 90%. நிஜத்தில் எழுதியது 11%! டைரியைத் திறக்கவே திறக்காத நாட்களுக்கும் பதில் இருந்தது. எலெக்ட்ரானிக் டைரியில் நேரத்துக்குப் பதிவானது 94%. 2002-ல் வெளியான ஆய்வு இது. நேரம் கடந்தால் பூட்டிக்கொள்ளும், பின்தேதி போட முடியாது என்பதுதான் எலெக்ட்ரானிக் டைரியின் பலம்.

அதன் பிறகு இந்த டைரிகள் பெரிய முடிவுகளுக்கே அடிப்படை ஆகிவிட்டன. எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் மைலோஃபைப்ரோசிஸ் நோயில் மண்ணீரல் வீங்கும். அதை ஸ்கேனில் அளக்கலாம். இரவில் வியர்த்துக் கொட்டுவதையும், அரிப்பையும், நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடுவதையும் எந்த ஸ்கேன் சொல்லும்? ருக்ஸோலிடினிப் மருந்தின் ட்ரயலில் நோயாளிகள் தினமும் இரவில் எலெக்ட்ரானிக் டைரியில் பதிவு செய்தார்கள். 24 வாரத்தில் தொந்தரவு பாதியாவது குறைந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் சுமார் 46%. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 5%. 2011-ல் அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஃபைஸரின் கொரோனா தடுப்பூசி ட்ரயலிலும், கைவலி, காய்ச்சல், அசதி கணக்கெல்லாம் ஊசி போட்ட 7 நாட்களுக்குப் பங்கேற்பாளர்கள் போனில் பதிந்ததிலிருந்து வந்தவை.

யார் விரல் அது?

நம்மூர் ஆஸ்பத்திரிகளிலும் பன்னாட்டு ட்ரயல்கள் நடக்கின்றன. டைரி தமிழில் வருகிறது. ‘வலி’ என்று ஒரே பெட்டி இருந்தால் குடைச்சல், குத்தல், எரிச்சல், கடுப்பு எல்லாம் எங்கே போகும்? மொழிபெயர்த்ததைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்ப்பது, நோயாளிகளிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்ப்பது என்று நடைமுறைகள் இருக்கின்றன. அதெல்லாம் சரி, அம்மாவுக்கு வந்த கேள்விக்கு மகன் ‘நேத்து மாதிரிதானே?’ என்று கேட்டபடியே பட்டனைத் தட்டினால்? பதிவான நேரம் உண்மை. பதில் யாருடையது என்று ஆப்புக்குத் தெரியாது.

எனக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நோயாளி ஏமாற்றுகிறாரா என்று கண்காணிக்க இவ்வளவு மெனக்கெடுகிறோம். அவர் உண்மையாக எழுதியதை அன்றே யாராவது படிக்கிறார்களா? பல ட்ரயல்களில் பதிவு நேராக சர்வருக்குப் போகிறது. நிரப்பினாரா என்று ஊழியர்கள் பார்ப்பார்கள். என்ன எழுதினார் என்பது மாதக்கணக்கில் கழித்து ஒரு வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும்.

படித்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் முற்றிய புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்த 766 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் 12 அறிகுறிகளை இணையம் வழியாகத் தெரிவித்தார்கள். மோசமானால் உடனே நர்ஸுக்கு இமெயில் போகும். அந்தப் பிரிவினர் வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 31.2 மாதம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு 26 மாதம். 2017-ல் வந்த முடிவு. ஒரே மருத்துவமனையில் நடந்ததுதான், ஆனாலும் 5 மாதம் சின்ன விஷயமா?

நடுவில் தலையிட்டால் மருந்தின் பலன் எது, கவனிப்பின் பலன் எது என்று குழம்பிவிடும் என்பார்கள் ஆய்வாளர்கள். நியாயமான கவலைதான். ஆனால் மருந்து எடுப்பவருக்கும் வெற்று மாத்திரை எடுப்பவருக்கும் ஒரே மாதிரி எச்சரிக்கை மணி அடித்தால் ஒப்பீடு பெரிதாகக் கெடாது. அதற்கு ஆள் போட வேண்டும், செலவாகும். நிறுவனங்கள் தயங்குவது அங்கேதான் என்பது என் கணிப்பு.

உங்கள் வீட்டில் யாராவது ட்ரயலில் சேர்வதாக இருந்தால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் டைரியை யார், எத்தனை மணி நேரத்துக்குள் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். ‘உடனே பார்க்க மாட்டோம்’ என்று பதில் வந்தால், ட்ரயல் டாக்டரின் நம்பரை வாங்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். ராத்திரி 11 மணிக்குக் காய்ச்சல் 103 என்று டைரியில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாமல், அந்த நம்பருக்கு போன் போடச் சொல்லுங்கள்.